பழைய மென்பொருளின் சர்வீஸ் விவரங்களை சேல்ஸ்ஃபோர்ஸ் திரையில் காட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்று சர்வீஸும் செய்யும் நிறுவனம். 2012 முதல் 2022 மார்ச் வரை ஒரு பழைய மென்பொருள், அதன் பிறகு வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளின் என்டர்பிரைஸ் பதிப்பு, சுமார் 150 பேர் உபயோகிக்கிறார்கள். பழையதில் சர்வீஸ், பில், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாம் சேர்த்து 80 லட்சம் வரிகள், அதாவது பதிவுகள், இருக்கின்றன, அந்த சர்வரை இன்னும் சில மாதங்களில் நிறுத்தப் போகிறார்கள். வாடிக்கையாளர் போன் செய்யும்போது கால் சென்டரில் இருப்பவர் வேறு திரைக்குப் போகாமல் பழைய விவரத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்ட் (விவரம் வெளியே இருக்க, திரையில் மட்டும் காட்டுவது) போடுவதா, பிக் ஆப்ஜெக்டா (உள்ளேயே தனிக் கிடங்கில் வைப்பது), இல்லை எல்லாவற்றையும் சாதாரணப் பதிவுகளாக உள்ளே ஏற்றிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கொடுத்த விவரத்தைப் பார்த்தால் உங்கள் உண்மையான சிக்கல் வேறு என்று தோன்றுகிறது: பழைய பதிவு ஒவ்வொன்றும் இன்றைய எந்தப் பதிவோடு போய்ச் சேரும் என்பதுதான் அது. அதற்கு வருகிறேன்.

நேரடிப் பதில் இது. 80 லட்சம் வரிகளையும் வெளியே ஒரு சாதாரண டேட்டாபேஸில் வையுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஐந்தாறு சுருக்க விவரங்களை மட்டும் ஒரே ஒருமுறை கணக்கிட்டு சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளே ஏற்றுங்கள். முழு வரலாறு வேண்டும் என்று யாராவது கிளிக் செய்தால் அப்போது மட்டும் வெளியிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். இந்த மாதிரி வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன், இந்த ஏற்பாடுதான் கடைசிவரை நின்றிருக்கிறது.

எல்லாவற்றையும் உள்ளே ஏற்றுவது ஏன் வேண்டாம் என்பதற்கு எளிய கணக்கு போதும். சேல்ஸ்ஃபோர்ஸில் பெரும்பாலான ரெக்கார்டுகளுக்கு, உள்ளே எவ்வளவு இருந்தாலும், தலா 2 கேபி என்றுதான் கணக்கு வைப்பார்கள். 80 லட்சம் வரி என்றால் ஏறக்குறைய 16 ஜிபி. என்டர்பிரைஸில் அடிப்படையாக 10 ஜிபி, அதோடு ஆளுக்கு 20 எம்பி. 150 பேருக்கு இன்னொரு 3 ஜிபி. ஆக மொத்தம் 13 ஜிபி, அதில் இன்று ஓடும் வேலைக்கும் இடம் வேண்டும். மிச்சத்தை விலைக்கு வாங்கலாம், ஆனால் அது வருடாவருடம் வரும் செலவு, அதுவும் பத்து வருடத்துக்கு முந்தைய ஃபில்டர் மாற்றிய பதிவுக்காக. போதாததற்கு, பதிவு சேரும்போது தானாக ஓடும் உங்கள் ட்ரிக்கர், ஃப்ளோ, டூப்ளிகேட் ரூல் எல்லாம் இந்தப் பழைய வரிகளிலும் போய் முட்டும். "மைக்ரேட் பண்ணிடலாம் சார்" என்று ஆலோசனை நிறுவனங்கள் உற்சாகமாகச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை, மைக்ரேஷன் நாள் கணக்கில் பில் ஆகும் வேலை.

இப்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம். ஆவணமாகிவிட்ட விவரம் இனி மாறவே மாறாது. வெளி விவரத்தை உள்ளே காட்டுவதில் பாதித் தலைவலி இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போக வைப்பதில்தான் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாதி கிடையாது. 2022 மார்ச்சோடு கதை முடிந்துவிட்டது, ஆகவே எதையெல்லாம் அடிக்கடி கேட்பார்களோ அதை இன்றே கணக்கிட்டு வைத்துவிடலாம், அது நாளைக்கும் சரியாகவே இருக்கும். கடைசி சர்வீஸ் தேதி, கடைசியாக மெம்பிரேன் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) மாற்றிய தேதி, மொத்தம் எத்தனை சர்வீஸ், பழைய ஏஎம்சி எப்போது முடிந்தது, பாக்கி ஏதாவது நின்றதா. இவற்றை அசெட் ரெக்கார்டில், அதாவது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் இருக்கும் பதிவில், ஃபீல்டுகளாகச் சேர்த்தால் இடக் கணக்கு ஏறாது, ஏனென்றால் அந்த அசெட் ஏற்கெனவே 2 கேபி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கால் சென்டரில் வரும் பத்துக் கேள்வியில் எட்டுக்கு இந்தச் சுருக்கமே பதில் சொல்லிவிடும் என்பது என் அனுபவம், உங்கள் இடத்தில் எண்ணிக்கை மாறலாம். இன்னொரு லாபம், "மூன்று வருடமாக மெம்பிரேன் மாற்றாதவர்கள்" என்று மார்க்கெட்டிங்கில் பட்டியல் கேட்டால் சாதாரண ரிப்போர்ட்டில் எடுத்துக் கொடுத்துவிடலாம், வெளி டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்.

சரி, பழைய பதிவை இன்றைய பதிவோடு ஒட்டவைக்கும் பிரச்சினைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் "பழைய கஸ்டமர் நம்பரை அக்கவுண்டில் ஒரு ஃபீல்டாக வைத்திருக்கிறோம், அதை வைத்து இணைக்கலாம்" என்று இருக்கிறது. அக்கவுண்ட் என்பது வாடிக்கையாளருடைய பதிவு. கொஞ்சம் நில்லுங்கள். சர்வீஸ் வரலாறு ஆளுடையதா, இயந்திரத்துடையதா? வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் சுவரில் மாட்டிய இயந்திரத்தை விட்டுவிட்டுத்தான் போகிறார். புதிதாகக் குடிவந்தவர் போன் செய்கிறார், டெக்னீஷியனுக்கு அந்த இயந்திரத்தில் என்ன மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும், முந்தைய உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. ஆகவே சர்வீஸ் வரிகளை சீரியல் எண் வழியாக அசெட்டோடு இணையுங்கள். பில், பணம், புகார் கடிதம் போன்றவை ஆளுடையவை, அவற்றை மட்டும் அக்கவுண்டோடு இணையுங்கள். இப்படிப் பிரித்தாலே சிக்கலில் பெரும்பகுதி தீரும். சீரியல் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம், கையால் தட்டச்சு செய்த காலத்தில் ஓ என்ற எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும், ஐ என்ற எழுத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன் நம்பரை வைத்து இணைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஒருவர் மீட்டிங்கில் நிச்சயம் கேட்பார். வேண்டாம். நிறுத்தப்பட்ட மொபைல் எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். 2013-இல் ஒருவரிடம் இருந்த எண் இன்று யாரிடம் இருக்கிறதோ. ஹோட்டல், அப்பார்ட்மென்ட் சங்கம் மாதிரி வாடிக்கையாளர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணைக்கலாம் என்பதும் பாதிதான் சரி. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி, அதற்கு முந்தைய பில்களில் பழைய விற்பனை வரிப் பதிவான டின் எண்தான் இருக்கும். ஒரே நிறுவனத்துக்கு மாநிலத்துக்கு ஒரு ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். அந்தப் பதினைந்து இலக்கத்தில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பான் எண், அதை எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு உதவும், ஆனால் அதைச் சந்தேகம் தீர்க்கத்தான் பயன்படுத்த வேண்டும், தானாக இணைக்க அல்ல.

அக்கவுண்டில் பழைய நம்பரை ஒரே ஃபீல்டாக வைப்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. யாரோ ஒருவர் இரட்டைப் பதிவு என்று இரண்டு அக்கவுண்டை மெர்ஜ் செய்வார், அதாவது ஒன்றாக்குவார். ஒன்று நிற்கும், மற்றது அழிக்கப்படும், அழிந்ததில் இருந்த பழைய நம்பரும் அதோடு போகும். அந்த நம்பரின் கீழ் இருந்த வரலாறு வெளி டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் திரையில் வராது, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஒரு ஃபீல்டில் ஒரு நம்பர்தானே நிற்கும்? இதற்கு வழி, பழைய நம்பர்களை அக்கவுண்டின் கீழ் தனியாக ஒரு சின்ன கஸ்டம் ஆப்ஜெக்டாக (நாமே உருவாக்கும் டேபிள்) வைப்பது. ஒரு பழைய நம்பர், ஒரு வரி. மெர்ஜ் செய்யும்போது கீழே இருக்கும் ரெக்கார்டுகளை சேல்ஸ்ஃபோர்ஸ் தானே நிற்கிற அக்கவுண்டுக்கு மாற்றிவிடும், ஆகவே இரண்டு பழைய நம்பரும் ஒரே இடத்துக்கு வந்துவிடும், நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். எத்தனை அக்கவுண்ட் ஏற்கெனவே மெர்ஜ் ஆகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அழிக்கப்பட்ட பதிவில், நின்ற பதிவின் ஐடி குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் போய்விட்டால் அது கிடைக்காது. அதற்கு உங்கள் பேக்கப்தான் கதி.

இனி நீங்கள் கேட்ட கருவிகள். எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்ட் என்பது சேல்ஸ்ஃபோர்ஸ் கனெக்ட் வழியாக வருவது, விவரம் வெளியிலேயே இருக்கும், திரை திறக்கும்போது ஓடேட்டா (இணையம் வழியே விவரம் கேட்கும் பொது முறை) மாதிரி ஒரு வழியில் கேட்டு வாங்கிக் காட்டும். பார்க்க சாதாரண ஆப்ஜெக்ட் போலவே இருக்கும், ரிலேட்டட் லிஸ்ட் (ஒரு பதிவின் கீழ் வரும் தொடர்புடைய பட்டியல்) நிரல் எழுதாமலே வரும், அதுதான் அதன் அழகு. அசெட்டோடு இணைக்க இன்டைரெக்ட் லுக்அப் (ஒரு ஃபீல்டின் மதிப்பு ஒத்துப்போவதை வைத்து இணைப்பது) போதும், அதற்கு அசெட்டில் எக்ஸ்டர்னல் ஐடி (வெளி அடையாள எண்), யூனிக் (மறுபடி வராதது) என்று குறித்த ஒரு கஸ்டம் ஃபீல்ட் வேண்டும். அசெட்டில் தயாராக இருக்கும் சீரியல் நம்பர் ஃபீல்ட் இதற்கு உதவாது. அக்கவுண்ட் பக்கத்துக்கு இதே வழி சரிவராது, நான் மேலே சொன்ன பல நம்பர் கதையால். ட்ரிக்கர் கிடையாது, யாருக்கு எந்தப் பதிவு தெரியும் என்று வரையறுக்கும் ஷேரிங் ரூல் கிடையாது, கூட்டுத்தொகை மாதிரி கணக்குகளை க்வெரியில் (விவரம் கேட்கும் கட்டளையில்) கேட்க முடியாது. ரிப்போர்ட் போடலாம், ஆனால் ஓட்டும்போதெல்லாம் வெளிச் சர்வரிடம் போய் நிற்கும். இவையெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. கனெக்ட் தனி லைசென்ஸ் என்பதும் உறுதி, ஆனால் விலை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஒரு பட்டியலைக் காட்டுவதற்காக மட்டும் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை இஆர்பி (நிறுவனக் கணக்கு மென்பொருள்), கிடங்கு என்று இன்னும் இரண்டு மூன்று இடங்களை இணைக்கப் போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு.

பிக் ஆப்ஜெக்டில் விவரம் சேல்ஸ்ஃபோர்ஸ் உள்ளேயே, ஆனால் வேறு கிடங்கில் இருக்கும். 10 லட்சம் வரி வரை கூடுதல் கட்டணம் இல்லை, உங்கள் 80 லட்சத்துக்குக் கூடுதல் இடம் வாங்க வேண்டும். இதில், தேடுவதற்குக் குறித்துவைக்கும் ஃபீல்டுகளான இண்டெக்ஸ்தான் எல்லாம்: அதிகபட்சம் ஐந்து ஃபீல்ட், எந்த வரிசையில் வைத்தீர்களோ அதே வரிசையில்தான் தேட முடியும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது, ஒருமுறை போட்டால் மாற்றவும் முடியாது. இதை விடக் கவனிக்க வேண்டியது, இண்டெக்ஸ் மதிப்புகள் ஒத்துப்போகும் இரண்டு வரி வந்தால் பின்னது முன்னதை எழுதி அழித்துவிடும், சத்தமே இருக்காது. சீரியல் எண், தேதி என்று மட்டும் இண்டெக்ஸ் போட்டால் ஒரே நாளில் காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் வந்து பார்த்த சர்வீஸில் ஒன்று காணாமல் போகும். சர்வீஸ் எண்ணையும் மூன்றாவதாகச் சேருங்கள். சாதாரண ரிலேட்டட் லிஸ்ட்டில் இது வராது, எப்படியும் ஒரு காம்பொனென்ட் (திரையில் வைக்கும் பகுதி) எழுத வேண்டும். வெளியே ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ள உங்களிடம் ஆளே இல்லை என்றால் பிக் ஆப்ஜெக்ட்தான் சரியான தேர்வு, தயங்காமல் அதை எடுங்கள்.

ஆள் இருக்கிறார் என்றால் நான் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைத்தான் சொல்வேன். சீரியல் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ், பழைய கஸ்டமர் நம்பருக்கு ஒரு இண்டெக்ஸ், 80 லட்சம் வரி அதற்கு ஒன்றுமே இல்லை. முன்னால் விவரம் கேட்டு வாங்க ஒரு சின்ன ஏபிஐ, சேல்ஸ்ஃபோர்ஸ் பக்கம் வெளிச் சர்வரின் முகவரியையும் கடவுச்சொல்லையும் வைக்கும் நேம்ட் கிரெடென்ஷியல், அழைப்பை அனுப்ப ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல் மொழி), திரையில் காட்ட ஒரு லைட்னிங் வெப் காம்பொனென்ட். அமேசானின் எஸ்3 சேமிப்பில் ஃபைலாகப் போட்டு, அதன் அதீனா தேடல் சேவையில் கேட்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வருடக் கணக்கு எடுக்க அது நல்லது, ஆனால் போனில் ஆள் காத்திருக்கும்போது ஒவ்வொரு க்வெரிக்கும் சில விநாடி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காம்பொனென்ட்டைப் பக்கம் திறந்தவுடன் ஓடவிடாதீர்கள், தனி டேபில் வையுங்கள், யார் கிளிக் செய்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் அழைப்பு போகட்டும். எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஏபெக்ஸ் அழைப்பு 10 விநாடி காத்திருக்கும், அதை 4, 5 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: "பழைய பதிவு இல்லை" என்பதும் "பழைய பதிவை இப்போது எடுக்க முடியவில்லை" என்பதும் "இந்த இயந்திரத்துக்குச் சீரியல் எண் பதிவாகவில்லை" என்பதும் மூன்று வேறு செய்திகள். மூன்றுக்கும் ஒரே வெற்றுப் பட்டியலைக் காட்டினால், சர்வர் படுத்திருக்கும் நாளில் பத்து வருட வாடிக்கையாளரிடம் "உங்களுக்கு எங்களிடம் ரெக்கார்டே இல்லையே சார்" என்று சொல்லிவிடுவார்கள்.

அனுமதி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. எக்ஸ்டர்னல் ஆப்ஜெக்டோ பிக் ஆப்ஜெக்டோ, ஆப்ஜெக்டைப் பார்க்கும் அனுமதி இருந்தால் எல்லா வரியையும் பார்க்கலாம் என்பதுதான் நிலை. உங்கள் சர்வீஸ் ஃபிரான்சைஸிகளுக்கு லாகின் கொடுத்திருந்தால், தன் ஏரியா தவிர மற்ற ஏரியா வாடிக்கையாளர்களின் வரலாறும் அவர்களுக்குத் திறந்துவிடும். சொந்தமாக ஏபெக்ஸ் எழுதினால் இதைத் தடுப்பது எளிது. பிரவுசரிலிருந்து சீரியல் எண்ணை வாங்காதீர்கள், அசெட்டின் ஐடியை மட்டும் வாங்குங்கள். பயனரின் அனுமதியைப் பார்த்து நடக்கும் வித் ஷேரிங் போட்ட ஏபெக்ஸ் கிளாஸில் அந்த அசெட்டைத் தேடுங்கள். அவருக்கு அந்த அசெட் தெரிந்தால்தான் சீரியல் எண் கிடைக்கும், அதை வைத்துத்தான் வெளியே அழைப்பு போகும். பழைய வெப் பக்கத்தை ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் வேறு பக்கத்தைக் காட்டும் பெட்டியில்) போட்டு முகவரியிலேயே கஸ்டமர் நம்பரை அனுப்பும் குறுக்குவழியை யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள், நம்பரை ஒன்று கூட்டினால் பக்கத்து வாடிக்கையாளர் விவரம் வந்து நிற்கும்.

சர்வரை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியதில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது கோடு (குறியீட்டு எண்) டேபிள்கள். சர்வீஸ் வரியில் 07 என்று இருக்கும், 07 என்றால் கார்பன் ஃபில்டர் மாற்றியது என்பது வேறொரு டேபிளில் இருக்கும். எடுக்கும்போதே அதை விரித்து எழுதிவிடுங்கள், கோடும் இருக்கட்டும் பெயரும் இருக்கட்டும். நிலை என்ற ஃபீல்டையும் பாருங்கள், 2015-இல் மூடாமல் விட்ட புகார் இன்றும் "ஓப்பன்" என்றே காட்டும், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்து டெக்னீஷியனை அனுப்பிவிடுவார். பழைய நிலை என்று தனியாகக் குறித்துச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். நேரம் இன்னொரு தொல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கும், பழைய மென்பொருள் அநேகமாக இந்திய நேரத்தில், எந்த மண்டலம் என்று குறிக்காமலே வைத்திருக்கும். அதிகாலை 3 மணிக்குப் பதிவான வரி யுடிசி-யில் முந்தைய நாள் இரவு 9.30, அதிலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் பின்னால் போய்விடும். பெயர், முகவரியைத் தமிழில் பதிந்திருந்தால் அது யூனிகோடா, பழைய எழுத்துரு முறையா என்று பார்த்து இப்போதே மாற்றுங்கள், அந்த எழுத்துரு இருக்கும் கணினியும் சர்வரோடு போய்விடும். எடுத்து முடித்தபின் வருடவாரியாக வரி எண்ணிக்கையையும் பில் தொகையின் கூட்டுத்தொகையையும் இரண்டு பக்கத்திலும் ஒப்பிட்டு, கணக்குப் பிரிவில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, திரையில் காட்டுவதற்கு வைத்திருப்பதும் சட்டத்துக்காகப் பாதுகாத்து வைப்பதும் ஒன்றல்ல. நிறுவனங்கள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது, உங்கள் 2021-22 கணக்குக்கு அது 2028 டிசம்பர் வரை போகும். ஆகவே மூல டேட்டாபேஸின் முழு பேக்கப்பும் பில் பிடிஎஃப்களும் தொடாமல் தனியே இருக்கட்டும், திரைக்கு எடுத்தது வெறும் பிரதி. அந்தப் பிரதியில் வாடிக்கையாளர் போன், முகவரி எதற்கு? ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று காட்ட அது தேவையில்லை, எடுத்துவிடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி யாராவது தன் விவரத்தை அழிக்கச் சொன்னால் தேட வேண்டிய இடங்களில் ஒன்று குறையும். எதை அழிக்க வேண்டும், எதை வரிச் சட்டத்துக்காக வைத்திருக்கலாம் என்பதை உங்கள் ஆடிட்டரும் வக்கீலும்தான் சொல்ல வேண்டும், நான் டேட்டா ஆள்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் இதே வேலைக்கு விர்ச்சுவல் டேபிள் இருக்கிறது, ஆனால் ஓடேட்டா வழியாக இணைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஜியுஐடி (32 இலக்கத் தனி அடையாளம்) வடிவில் ஒரு அடையாள எண் வேண்டும், பழைய டேபிள்களில் அது இருக்காது, எடுக்கும்போதே உருவாக்கிக்கொள்ள வேண்டும். வரிவாரியான அனுமதி அதிலும் கிடையாது. ஜோஹோ சிஆர்எம்மில் டெல்யூஜ் (ஜோஹோவின் நிரல் மொழி) ஃபங்ஷன் எழுதி ரிலேட்டட் லிஸ்ட்டாகக் காட்டலாம். இணைக்கும் எண், மெர்ஜ், அனுமதி பற்றி மேலே எழுதியதை இரண்டிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

உங்களுக்கு இருக்கும் அவகாசத்தில் முதல் வேலையாகக் கோடு டேபிள்களோடு முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அடுத்து ஆயிரம் சீரியல் எண்ணைக் கலந்து எடுத்து, எத்தனை இன்றைய அசெட்டோடு ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணையும், ஃபிரான்சைஸிகளுக்கு லாகின் உண்டா என்பதையும் இங்கே எழுதினால் காம்பொனென்ட் எப்படி அமைப்பது என்று மேற்கொண்டு சொல்கிறேன்.